ரவையும் தோலும்

வெளியூர்க் கச்சேரிக்குப் போகும் வித்வானோடு ரவையும் போகிறது, கிளீவ்லாந்துவரை. காய்கறி தவிர வேறு தொடாத வாய்க்குத்தான் சுருதி சேரும் என்று ஸ்ரீரங்கத்தில் கச்சேரி முடிந்தபின் ஒரு பாடகர் சொன்னார். சுற்றிலும் தலைகள் ஆடின. மன்னார்புரம் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு மிருதங்கம் ஞாபகம் வந்தது.

ரவை அதற்கும் உண்டு. தண்ணீரில் பிசைந்து தொப்பியில் அப்புகிறார்கள். வலந்தலையின் கறுப்பில் கல்பொடியோடு சோறு சேர்கிறது. கட்டையையும் சேர்த்து, அந்த வாத்தியத்தில் சைவம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பசு, ஆடு, எருமை. பிடில் வில்லில் குதிரைவால் மயிர். வீணையின் மெட்டுகள் நிற்பது தேன்மெழுகில். இலையில் விழும் தயிரும் செடியில் காய்த்ததல்ல.

சைவம் சாப்பிடுவதை நான் பழிக்கவில்லை, நானும் அதுதான். நாக்கின் பழக்கம்; சிலருக்கு ஜீவகாருண்யம். அதைச் சங்கீதத்தின் யோக்யதாம்சம் ஆக்குவதுதான் பம்மாத்து. இந்தச் சுத்தம் தட்டோடு நிற்பதில்லை; தோலைப் பதப்படுத்தி நாதத்தை வரவழைத்தவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பாலக்காடு மணி ஐயரைத் தெரிந்தவர்களில், அவருக்கு மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்தைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்கு அரங்கம் தர இசைந்த கலாக்ஷேத்ரா, 2020 ஜனவரியில் மறுத்துவிட்டது. தோல் மேடையேறலாம், தோலைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாது.

ஜீவகாருண்யம் நிஜமென்றால் செயற்கைத் தோல் மிருதங்கம் இருக்கிறது, வாசிக்கட்டும். நாதம் போதவில்லையென்றால், அந்த நாதம் யார் கையிலிருந்து வருகிறதென்று மேடையில் சொல்லட்டும். அதுவரை உப்புமா வெறும் உப்புமாதான்.