குறி தப்பினால் குற்றவாளி யார்?



என்.சி.சி. கேம்ப் போய் வந்தவர்களுக்கு இந்த வசனம் நன்றாகத் தெரியும்: "சார், சைட் சரியில்ல சார்!" முதல் ஆண்டு கேம்ப்பில் நானும் அதைத்தான் சொன்னேன். பாயிண்ட் 22 ரைபிள், 25 கஜ தூரம், படுத்த நிலையில் ஐந்து ரவுண்டு. என் ஐந்தும் பேப்பரில் ஐந்து திசைக்குப் போயிருந்தன. சுபேதார் சார் ஒன்றும் பேசவில்லை. அதே ரைபிளை ஒரு சீனியரிடம் கொடுத்தார். அவன் சுட்ட ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போப்பா!" என்றார். மொத்த பிளாட்டூனும் சிரித்தது.

அன்று முதல் எனக்கு ஒரு கொள்கை: சைட்டைக் குறை சொல்கிறவன் சோம்பேறி. ரெட் டாட் சைட் கேட்கிறவன் அவனுக்கும் மேலே!

அந்தக் கொள்கை இரண்டாம் ஆண்டில் உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபேதார் சார் எங்கள் நாலு பேரை ரைபிள் கிளப்புக்கு அழைத்துப் போனார். அங்கே ஏர் ரைபிளில், 10 மீட்டரில், அயர்ன் சைட் வைத்து அவரே சுட்டார். சிதறிவிட்டது! நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருத்தன் என் காதில், "இவராடா நமக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்?" என்றான். நானும் சிரித்தேன்.

கிளப்காரர் ஒருவர் அதே மாடலில் இன்னொரு ரைபிளை நீட்டினார். ரெட் டாட் மாட்டி ஜீரோ செய்து வைத்தது. சார் ஐந்து சுட்டார். ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். ரைபிளைக் கீழே வைத்துவிட்டு, "கை போகலைப்பா, கண்ணுதான் போச்சு" என்றார்.

பிறகு அதே ரைபிளில் நான் சுட்டேன். என் ஐந்தும் முதல் ஆண்டு போலவே ஐந்து திசைக்குப் போயின. எனக்குக் கண் இருக்கிறது. கைதான் வரவில்லை!

இந்த இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ரெட் டாட் நல்லதா, அயர்ன் சைட் நல்லதா என்ற பட்டிமன்றமே தப்பு. எந்தக் கோளாறை எது தீர்க்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் அயர்ன் சைட். பின் சைட், முன் சைட், டார்கெட் என்று மூன்று பொருள், மூன்று தூரம். நம் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். அதனால்தான் "ஃபோர்சைட் டிப்பைப் பாரு, டார்கெட் மங்கலா இருந்தா இருக்கட்டும்" என்று கத்துகிறார்கள். இருபது வயதில் கண் லென்ஸ் வளைந்து கொடுக்கும். நாற்பதுக்கு மேல் அந்த வளைவு குறைகிறது. அதற்குப் பெயர்தான் வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் முன் சைட் தெரியும், டார்கெட் கரைந்துபோகும். கழற்றினால் டார்கெட் தெரியும், முன் சைட் புகையாகும். சார் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

முன் சைட் மங்கினால் என்ன நஷ்டம்? நமக்குத் தெரிந்த வடிவொத்த முக்கோணக் கணக்குதான். இரண்டு சைட்டுக்கும் நடுவே 60 செ.மீ. என்று வையுங்கள். முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு சுமார் 21 மி.மீ. விலகும். பிஸ்டலில் அந்த இடைவெளி 16 செ.மீ.தான் என்றால், அதே அரை மில்லிமீட்டர் 78 மி.மீ. ஆகிவிடும்!

இனி ரெட் டாட். சினிமாவில் வில்லன் நெஞ்சில் சிவப்பு வெளிச்சம் விழுமே, அது லேசர். ரெட் டாட் அது இல்லை. இதில் வெளிச்சம் டார்கெட்டுக்குப் போவதே கிடையாது. ஒரு சின்ன எல்.இ.டி., வளைந்த கண்ணாடி ஒன்றின் குவியத்தில் இருக்கிறது. குவியத்திலிருந்து வரும் ஒளி இணைகதிராகத் திரும்பும் என்று ஃபிசிக்ஸில் படித்தோம் அல்லவா? அதேதான். கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற ஒளியை உள்ளே விடும். இணைகதிராக வருவதால் புள்ளி வெகு தூரத்தில் மிதப்பது போலத் தெரியும். டார்கெட்டையே பார்க்கலாம், புள்ளியும் தெளிவாக இருக்கும். மூன்று வேலை ஒரு வேலையாகிவிட்டது. தலை கொஞ்சம் விலகினாலும் புள்ளி இருக்கும் இடத்துக்கே குண்டு போகும். கிட்டத்து டார்கெட்டில் மட்டும் சிறு பிழை வரும்.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. டப்ளின் நகரில் தொலைநோக்கி செய்த ஹோவர்ட் கிரப் 1900-லேயே இந்தத் தத்துவத்தைச் சொல்லிவிட்டார். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975-ல் எலெக்ட்ரானிக் சைட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1997-ல் அமெரிக்க ராணுவம் அதை எம்68 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. காரணம் வேகம். ஓடிக்கொண்டே, இருட்டில், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுட வேண்டியவனுக்கு மூன்று பொருளை வரிசைப்படுத்த நேரம் ஏது?

அப்படியென்றால் எல்லா ரைபிளிலும் ரெட் டாட் மாட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள்! பேட்டரி வேண்டும். இன்று சில மாடல்கள் ஐந்து வருடத்துக்கு மேல் எரியும் என்றாலும், தீருகிற நாள் என்று ஒன்று உண்டு. மழைத்துளியும் சேறும் கண்ணாடியை மறைக்கும். மவுண்ட் ஸ்க்ரூ லூசானால் ஜீரோ போயே போச்சு. சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது, நட்சத்திரம் போலச் சிதறும். புள்ளியும் ஒரு அளவுதான்: 4 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் சுமார் 116 மி.மீ. இடத்தை மூடிவிடும். ஆகவே ரெட் டாட் வைத்திருப்பவனும் பின்னால் ஒரு அயர்ன் சைட் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

"அயர்ன் சைட் பழசு" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது, 2024 பாரிஸில் மனு பாக்கரும் ஸ்வப்னில் குசாலேயும் வெண்கலம் வாங்கியது எல்லாமே அயர்ன் சைட்டில்தான். ஒலிம்பிக் ரைபிள், பிஸ்டல் போட்டிகளில் ரெட் டாட்டுக்கு அனுமதி இல்லை. 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துக்கான புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்! நேரமும் நல்ல கண்ணும் பயிற்சியும் இருந்தால் இரும்பு எதற்கும் சளைத்ததல்ல.

ஆனால் இரண்டு சைட்டும் செய்யாத வேலை ஒன்று உண்டு. ட்ரிகரை இழுப்பது! அதை விரல்தான் செய்ய வேண்டும். நான் ட்ரிகரை வெடுக்கென்று பறித்தேன். புள்ளி ஆடுவது கண்ணுக்குத் தெரிந்ததும், நடுவுக்கு வரும் நொடியில் பிடித்துவிடலாம் என்று இன்னும் வேகமாகப் பறித்தேன். எத்தனை ஆயிரம் ரூபாய் சைட்டும் அந்த விரலுக்கு மருந்தில்லை.

லேபில் ரீடிங் தப்பாக வந்தால் என்ன செய்கிறோம்? மீட்டரை மாற்றிப் பார்க்கிறோம். மாறினால் மீட்டர் தப்பு, மாறாவிட்டால் நம் கனெக்ஷன் தப்பு. ரெட் டாட்டையும் அப்படிப் பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து. எல்லாரும் அயர்ன் சைட்டில் ஆரம்பிக்கட்டும். குரூப்பிங் வராதவனுக்கு ஒரு நாள் ரெட் டாட் கொடுத்துப் பாருங்கள். குரூப் இறுகினால் கோளாறு கண்ணில், அல்லது சைட்டை வரிசைப்படுத்துவதில். இறுகாவிட்டால் கையில். ஒரு யூனிட்டுக்கு ஒன்று இருந்தாலும் போதும், எத்தனையோ பையன்கள் "எனக்கு இது வராது" என்று ஒதுங்குவது நிற்கும். நாற்பது தாண்டிய போலீஸ்காரருக்கோ, பயிற்சியாளருக்கோ அதுவே நிரந்தரமாகத் தேவைப்பட்டால் கொடுக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடி போடுகிறவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா?

சிரித்தோம், நண்பர்களே. அதுதான் உறுத்துகிறது. சார் இந்த ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி கேம்ப்பில் என் ஐந்து ரவுண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. அயர்ன் சைட்டில்தான்! பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாக எண்ணினார். "சைட் இப்ப சரியாயிடுச்சாப்பா?" என்றார்.

அன்று அவரிடம் மன்னிப்பு கேட்க நா எழவில்லை. இந்த மலர் அவர் கைக்குப் போகும் என்று நம்புகிறேன். மன்னிச்சிடுங்க சார்!