முறுக்கு சுற்றும் கை போதுமா?

"அம்மா இன்னும் உட்கார்ந்து முறுக்கு சுற்றுகிறார், அவருக்கு எதற்குத் துணைக்கு ஆள்? படுக்கையில் விழட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். கை முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டியில் இந்த வாதம் எடுபடும்தான். ஆனால் காலமெல்லாம் பழகிய விரல் லேசில் மறக்காது. அதை வைத்து முதுமையை அளப்பது ஏமாற்று.

அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸ் குழு 1963இல் வெளியிட்ட அளவுகோல் ஆறைத்தான் கேட்கிறது: குளியல், உடுத்தல், கழிப்பறை, எழுந்து நகர்தல், மலஜலக் கட்டுப்பாடு, உண்ணுதல். பெரும்பாலும் முதலில் தடுமாறுவது குளியல். ஈரத்தரையில் சுவரைப் பிடிக்கிறாரா, சர்க்கரை மாத்திரையை மறந்து இரண்டாம் முறை போடுகிறாரா என்று பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்தபின் ஒருவேளைத் துணை போதாது.

"மருமகள் இருக்கிறாளே!" மகன் எங்கே போனார்? 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் பிள்ளைகள் என்று சொல்வது மகன், மகள், பேரன், பேத்தியை, மருமகளை அல்ல.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்லதுதான். ஆனால் தினமும் குளிப்பாட்ட அத்திட்டத்தின் ஊழியர்கள் வரமாட்டார்கள். அதற்குக் காலையில் இரண்டு மணிநேரம் ஓர் ஆள் வேண்டும், இப்போதே.