வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை! - பர்கண்டியில் ஒரு சைக்கிள் ரவுண்டு

ஒரு டிராக்டர் போகும் அகலத்துக்குத்தான் பாதை. இடது பக்கம் திராட்சைக் கொடி. வலது பக்கமும் அதே ரகத் திராட்சைக் கொடிதான். உயரமும் ஒன்று, அடிக்கிற வெயிலும் ஒன்று. ஆனால், ஒரு பக்கத்துப் பழத்தில் செய்த ஒயினைவிட மறுபக்கத்து ஒயின் பல மடங்கு விலைக்குப் போகும். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் இது அன்றாடக் காட்சி.

காரில் போனால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. இரண்டு பக்கமும் பச்சையாக ஓடும், அவ்வளவுதான். சைக்கிளில் போனால் தெரியும். இறங்கி நடந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் இந்த வாரம் நமக்கு சைக்கிள்தான், மக்களே!

போனில் தொடங்குவோம்

கையில் இருக்கும் போன் இல்லைங்க, ஊர் பெயரே 'போன்'தான்! பாரிஸிலிருந்து டிஜான் நகருக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போன் வந்துவிடும். ஊரிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மூச்சு வாங்குபவர்களுக்கு பேட்டரி சைக்கிளும் உண்டு.

போனிலிருந்து தெற்கே சாந்தனே வரை, தோட்டங்களுக்கு நடுவே சுமார் 22 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. அதன் பெயரே 'திராட்சைத் தோட்டப் பாதை'. வழியில் பொம்மார், வோல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே எனக் கல்வீடுகளும் சர்ச் கோபுரமுமாகச் சின்னச் சின்னக் கிராமங்கள். சின்ன ஏற்ற இறக்கங்கள் உண்டு, பயமுறுத்தும் மலையேற்றம் கிடையாது. நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு முழு நாள் ஆகும்.

பந்தலில் தொங்கும் திராட்சையைத் தேடாதீர்கள். இங்கே கொடிகள் இடுப்பு உயரம்தான். ஓர் ஏக்கருக்குச் சுமார் 4,000 கொடிகள் என நெருக்கி நட்டிருப்பார்கள். வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் நுழைய இடமில்லை. அதனால் ஒரு கொடி வரிசையையே கால்களுக்கு நடுவே விட்டு நடக்கும் ஒட்டகம் மாதிரி உயரமான டிராக்டர்கள் வரும். குழந்தைகளோடு போனால் இதைப் பார்க்கவே அரை மணி நேரம் நின்றுவிடுவார்கள்.

நடுவில் இருந்தால் ராஜா

விலை வித்தியாசத்துக்குக் காரணத்தை உங்கள் முழங்கால்களே சொல்லும். பெரிய சாலை ஓடும் சமவெளியில் பெடல் சுலபமாகச் சுற்றும். அங்கே மண் ஆழமானது, தண்ணீர் தேங்கும், குளிர் காற்றும் இறங்கி வந்து தங்கும். அங்கே விளைவது சாதாரண ஒயின். மேற்கே திரும்பினால் மெல்ல ஏற்றம் தொடங்கும். சரிவின் நடுப்பகுதியில் தண்ணீர் வடியும், காலை வெயில் நேராக விழும், சுண்ணாம்புக் கல் கலந்த மண் இருக்கும். புகழ்பெற்ற தோட்டங்கள் எல்லாம் இங்கேதான். இன்னும் மேலே போனால் மண் மெலிந்துவிடும், குளிரும் அதிகம்.

இப்படி மண், சரிவு, வெயில் பார்த்துப் பிரித்த துண்டு நிலங்களை இங்கே 'கிளிமா' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி எல்லை. மொத்தம் 1,247 கிளிமாக்களை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது. புலினி, ஷசாஞ் என்ற இரண்டு கிராமங்களிலும் பரவிக் கிடக்கிறது 'மோன்ராஷே' தோட்டம். சுமார் 20 ஏக்கர்தான். ஆனால், அதன் புகழுக்காகவே இரண்டு ஊர்களும் தங்கள் பெயருக்குப் பின்னால் மோன்ராஷேவைச் சேர்த்துக்கொண்டன!

பாகப்பிரிவினை

போனுக்கு வடக்கே இன்னொரு நாள் சைக்கிளை விட்டால் 'குளோ த வூஷோ' வரும். சுற்றிலும் கல்மதில், உள்ளே சுமார் 125 ஏக்கர் திராட்சை. 12-ம் நூற்றாண்டு முதல் சிஸ்டெர்சியன் துறவிகள் உருவாக்கிய தோட்டம் இது. பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபை நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு விற்கப்பட்டன. பிறகு, பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் பங்கு என்றது நெப்போலியன் காலச் சட்டம். அப்பா நிலம் மூன்று பிள்ளைகளுக்கு, அவர்கள் நிலம் பேரப்பிள்ளைகளுக்கு எனத் துண்டாகிக்கொண்டே போனது. இன்று அந்த ஒரே மதிலுக்குள் 80 பேர் அளவுக்கு உரிமையாளர்கள். சிலருக்குச் சொந்தம் சில வரிசைக் கொடிகள் மட்டுமே.

பக்கத்து ஊரில் உலகின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றான ரொமானே-கோன்டியின் தோட்டம். மொத்தமே நாலரை ஏக்கர். ஓரத்தில் ஒரு கல் சிலுவை, இடுப்பளவு மதில். ஆனால், அதை ஒட்டிய பாதையில் யாரும் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்க்கலாம், டிக்கெட் இல்லை. தோட்டத்துக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது.

சைக்கிளை ஓரமாக வையுங்கள்

போன் நகருக்கு மேலே உள்ள குன்றுகளுக்குள் நடைபாதைகள் போகின்றன. அங்கே ஓரங்களில் கற்குவியல்கள் தெரியும். உழவுக்கு இடைஞ்சலாக இருந்த கற்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் போட்ட குவியல்கள் அவை. அதே கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய குட்டிக் குடிசைகளும் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் தொழிலாளிகள் ஒதுங்கிய இடம். பாட்டிலின் லேபிளில் இவர்கள் பெயர் இருக்காது, இந்தக் கற்களில்தான் அவர்கள் உழைப்பு இருக்கிறது.

ஊருக்குள் திரும்பியதும் ஓத்தெல்-தியேவைப் பார்க்காமல் வராதீர்கள். போரும் பஞ்சமும் மக்களை வாட்டிய காலத்தில், 1443-ல் பர்கண்டி பிரபுவின் அமைச்சர் நிகோலா ரோலன், மனைவி கிகோனுடன் சேர்ந்து ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை இது. வண்ண ஓடு வேய்ந்த கூரை, வரிசையாகக் கட்டில் போட்ட பெரிய கூடம். 1971 வரை இங்கே நோயாளிகள் இருந்தார்கள். மருத்துவமனைக்குப் பலரும் தானமாகத் தந்த திராட்சைத் தோட்டங்கள் இன்று சுமார் 150 ஏக்கர். 1859 முதல் அந்த ஒயின் பொது ஏலத்துக்கு வருகிறது. இப்போதும் நவம்பர் மூன்றாவது ஞாயிறன்று ஏலம் நடக்கும், பணம் மருத்துவமனைக்குப் போகும்.

664 வருடக் கணக்கு

இதே போன் நகரம் உலகத்துக்கு இன்னொரு முக்கியமான விஷயத்தையும் தந்திருக்கிறது. திருச்சபையின் கூலிக் கணக்குகள், நகர மன்றப் பதிவுகள், பத்திரிகைகள் ஆகியவற்றைத் தோண்டி, 1354 முதல் 2018 வரை இங்கே திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகளை ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். 2019-ல் வெளியான முடிவு இது: 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28 வாக்கில் தொடங்கிய அறுவடை, 1988-க்குப் பிறகு சராசரியாக 13 நாள்கள் முன்னால் வந்துவிட்டது. வெயில் கூடக் கூட, பழம் சீக்கிரம் பழுக்கிறது.

சீக்கிரம் பழுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், முன்கூட்டியே வரும் வெப்பத்தில் மொட்டும் முன்கூட்டியே விரிகிறது. 2021 ஏப்ரலில் அப்படி விரிந்த மொட்டுகள் மேல் உறைபனி விழுந்தது. வரிசைகளுக்கு நடுவே மெழுகுவத்திகளை ஏற்றி விவசாயிகள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். அப்படியும் பெரும் சேதம்.

வேறு ரகத்துக்கு மாறிவிடலாமா? அதுவும் சுலபமில்லை. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே என்பதுதான் இந்தப் புகழ்பெற்ற தோட்டங்களின் விதி. 1395-லேயே கமே என்ற ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்ட மண் இது! ரகம் மாறினால் பாட்டிலில் அந்த ஊர்ப் பெயரைப் போட முடியாது. அதனால் கொடியைத் தாமதமாகக் கவாத்து செய்வது, பழத்துக்கு நிழலாக இலைகளைக் கூடுதலாக விடுவது என்று சமாளிக்கிறார்கள். ஒரு காலத்தில் குளிர் அதிகம் என்று ஒதுக்கிய மேட்டு நிலங்கள் பக்கம் இப்போது பலருடைய பார்வையும் திரும்பியிருக்கிறது. எந்த வரப்புக்கு எந்தப் பக்கம் ஒசத்தி என்று நூற்றாண்டுகளாக எழுதிய கணக்கை வெயில் திருத்திக்கொண்டிருக்கிறது.

கிளம்பும் முன்

ஷெங்கன் விசா வேண்டும். போகும்போது பெடல், வரும்போது ரயில் என்று திட்டமிட்டால், சாந்தனேவுக்குப் பக்கத்து ஊரான ஷான்யியில் ரயில் பிடித்து போன் திரும்பலாம். ஒயின் குடிக்காதவர்களுக்கும் இந்தப் பயணத்தில் குறை ஒன்றும் இல்லை. சீஸும் முட்டையும் சேர்த்துச் சுடும் 'கூஷேர்' பந்துகள், டிஜான் நகரின் மசாலா கேக், அதன் புகழ்பெற்ற கடுகு விழுது எல்லாம் காத்திருக்கின்றன. குடிப்பவர்கள் கவனிக்க: ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் என்ற ஆல்கஹால் வரம்பு, கார் ஓட்டுபவர்களைப் போலவே சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பொருந்தும்.

பசுமைக்கு மே, ஜூன் மாதங்கள் நல்லவை. அறுவடையைப் பார்க்க ஆசையா? பழைய கைடு புத்தகத்தில் 'செப்டம்பர் கடைசி' என்று இருந்தால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். செப்டம்பர் முதல் பாதியிலேயே கூடைகள் நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. சூடான வருடங்களில் ஆகஸ்ட்டிலேயே!