மீள்பயன்பாடு கஞ்சத்தனமன்று



செல்வத்தைப் பற்றி மறுமையில் இரு கேள்விகள் கேட்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒன்று, அதை எவ்வழியில் ஈட்டினாய் என்பது. மற்றொன்று, அதை எவ்வழியில் செலவிட்டாய் என்பது. முதற்கேள்வியில் நம்மில் பலர் கவனமாக இருக்கிறோம். வட்டி கலவாத வருமானமா, ஹலாலான தொழிலா என்று ஆலிம்களைத் தேடிச் சென்று கேட்கிறோம். ஆனால் இரண்டாம் கேள்வி நம் வீட்டுக் குப்பைக் கூடைக்குள் கிடப்பதை நாம் உணர்வதில்லை. ஹலாலாக ஈட்டிய பணத்தில் வாங்கிய பொருள், பாதிப் பயன் கூடத் தராமல் தெருமுனைக்குப் போகிறது. அதற்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காட்டூர்வாசிகளான நமக்கு இதை விளக்க நீண்ட உரை தேவையில்லை. தஞ்சாவூர் சாலையில் திருச்சி நகரை நோக்கிச் சென்றால், சற்றுத் தொலைவிலேயே அரியமங்கலம் குப்பைக் கிடங்கு. ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்பில், பல பத்தாண்டுகளாகத் திருச்சி மாநகரத்தின் குப்பை கொட்டப்பட்ட இடம் அது. அங்கே தீப்பற்றிய நாட்களில் எழுந்த புகை, சுற்றியுள்ள குடியிருப்புகளில் முதியோரையும் குழந்தைகளையும் மூச்சுத் திணற வைத்திருக்கிறது. தேங்கிய பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணிக்கு மாநகராட்சி பெரும்பொருள் செலவிட வேண்டியதாயிற்று. 'வெளியே எறிந்துவிட்டோம்' என்று நாம் சொல்கிறோம். எறிந்த பொருள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அண்டை வீட்டாரின் வாசலுக்குப் போயிருக்கிறது. அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். அந்த உரிமையில் சுவாசிக்கும் காற்றும் அடங்காதா?

அரசும் தன் பங்கிற்குச் சட்டங்களைக் கொண்டு வந்துள்ளது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் ஒரு முஸ்லிமுக்கு இந்தக் கடமை 2019இல் தொடங்கியதன்று.

நபிவழியில் மீள்பயன்பாடு

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் இல்லத்தில் உருவங்கள் பொறித்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையவர்கள் அத்துணியை வீசிவிடவில்லை. அதை வெட்டித் தலையணைகளாக்கினார்கள். அண்ணலாரும் அவற்றின் மீது சாய்ந்து அமர்ந்தார்கள். திரையாக இருக்கத் தகுதியற்றுப் போன துணிக்கு, அதே வீட்டில் வேறொரு பயன் கிடைத்தது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது தானாகச் செத்த பிராணியாயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, உண்பதுதான் தடை என்று விளக்கினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் நிகழ்ச்சி இது. அண்ணலார் அருந்திய கோப்பையில் வெடிப்பு ஏற்பட்டபோது, அது வெள்ளிக் கம்பியால் பிணைக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டது என்றும் புகாரீயில் காண்கிறோம். மதீனாவில் அமீருல் மூமினீனாக இருந்த உமர் (ரலி) அவர்களின் சட்டையில், இரு தோள்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைக் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

இவற்றை வறுமைக் காலத்துக் கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் பாரசீகத்தின் கருவூலங்களே மதீனாவுக்கு வந்து சேர்ந்தன. ஒட்டுப் போட்ட சட்டை அவர்களுக்கு இயலாமை அன்று; தேர்வு.

யாருடைய வேலை?

இங்கே ஆண்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் வீடுகளில் சிக்கனம் என்பது பெண்களின் தலையில் வைக்கப்பட்ட சுமையாகவே இருக்கிறது. கிழிந்ததைத் தைப்பதும், மிஞ்சியதை மறுவேளைக்கு வேறு பதமாக்குவதும், பாட்டிலைக் கழுவிக் காயவைப்பதும் அவர்கள் வேலை. வீட்டில் மிக்ஸி பழுதானால் புதிது வாங்குவோம் என்று எளிதாகச் சொல்வது நம் வேலை. அண்ணலார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்றுதான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். தாடியிலும் உடையிலும் சுன்னத்தைத் தேடும் நாம், ஊசி நூலிலும் அதைத் தேட வேண்டாமா?

கழிவு ஸதகா ஆகாது

மீள்பயன்பாடு என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது, பழையவற்றை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது. நல்ல நிலையில் உள்ள ஆடையைத் துவைத்து, மடித்து, மரியாதையுடன் கொடுப்பது சிறந்த செயல்தான். ஆனால் நடப்பது பெரும்பாலும் வேறு. பெருநாளுக்கு முன் அலமாரியைக் காலி செய்கிறோம். பொத்தான் இல்லாத சட்டை, சாயம் போன சுடிதார், உடைந்த பொம்மை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, வீட்டு வேலைக்கு வருபவரிடமோ மதரஸாவின் வாசலிலோ வைத்துவிட்டு, ஸதகாச் செய்துவிட்ட நிறைவுடன் திரும்புகிறோம்.

மதீனாவில் தோழர்கள் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். பசித்த ஏழைகள் அதிலிருந்து உண்பார்கள். சிலர் தரம் குறைந்த, உடைந்த குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டபோதுதான், அல்பகராவின் 267ஆம் வசனம் இறங்கியது. உங்களுக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்க மாட்டீர்களே, அத்தகைய பொருளைத் தர்மத்துக்கெனத் தேடாதீர்கள் என்பது அதன் கருத்து. ஆகவே அளவுகோல் எளிது. இந்தச் சட்டையை நம் பிள்ளைக்கு யாரேனும் கொடுத்தால் நாம் முகம் சுளிக்காமல் வாங்குவோமா? வாங்குவோமெனில் கொடுக்கலாம். இல்லையெனில் அது நம் வீட்டிலேயே கரித்துணியாகவோ, கால்மிதியாகவோ, மெத்தைக்கு உள்ளீடாகவோ ஆகட்டும். நம் கழிவை எளியவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு நன்மையும் எதிர்பார்ப்பது பெருங்குறை.

செய்யக்கூடியவை, கூடாதவை

நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியுடன் பள்ளிவாசலுக்குச் செல்வது நம் ஊர்களின் அழகிய வழக்கம். அந்த வாளியின் இடத்தில் பிளாஸ்டிக் கவர் நுழைய நாம் இடம் தரக்கூடாது. இஃப்தாருக்கு 30 நாளும் வாங்கும் காகிதக் குவளைகளின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது; அத்தகைய குவளைகளும் தமிழகத்தின் தடைப்பட்டியலில் உள்ளவையே. ஜமாஅத்தார் ஒருமுறை எவர்சில்வர் குவளைகள் வாங்கிவிட்டால் பல ரமளான்களுக்குப் போதும். கழுவும் பணியை இளைஞர்கள் முறைவைத்து ஏற்கலாம்.

ஒளுச் செய்த நீரைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்ய இயலாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். ஆயினும் அந்நீர் அசுத்தமன்று. பள்ளிவாசலின் மரங்களுக்கும் வீட்டுச் செடிகளுக்கும் தாராளமாக விடலாம். ஓதி முடித்த பிள்ளையின் காயிதாவையும் யாஸீன் கிதாபையும் அட்டை போட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதே வேளையில், அல்லாஹ்வின் பெயரோ திருவசனமோ அச்சிட்ட அழைப்பிதழ், நாட்காட்டித் தாள்களைப் பொட்டலம் கட்டவோ அலமாரியில் விரிக்கவோ பயன்படுத்தலாகாது. அழைப்பிதழ் அடிப்போர் இதை முதலிலேயே எண்ணிப் பார்ப்பது நல்லது.

தீங்கு தருவதில் சிக்கனம் பார்ப்பதும் தவறு. சமோசாவும் வடையும் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உடலுக்குக் கேடு. அச்சு மை படிந்த செய்தித்தாளில் சூடான பலகாரத்தை வைப்பதும் அவ்வாறே. குடிநீர் வந்த மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றுவதும், பெயிண்ட் வாளியில் அரிசி கொட்டி வைப்பதும் சிக்கனமல்ல. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. என்றேனும் உதவும் என்று பரண் நிறைய அடைத்து வைப்பதும் மீள்பயன்பாடு ஆகாது. அப்பொருள் யாருக்குமே பயன்படவில்லையே!

மிச்சம் எங்கே போகிறது?

செலவு செய்தால் விரயமும் செய்யாமல், கருமித்தனமும் செய்யாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களை அல்ஃபுர்கான் அத்தியாயம் பாராட்டுகிறது. கஞ்சனும் சேமிக்கிறான், மூமினும் சேமிக்கிறான். சேமித்தது எங்கே போகிறது என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள். நாளொன்றுக்கு 10 ரூபாய் வீண் போகாமல் காத்தால் ஆண்டுக்கு 3,650 ரூபாய். வளைகுடாவில் வெயிலில் நின்று அனுப்பும் பணத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. அதைக் கொண்டு ஒரு கடனை அடைக்கலாம். ஒரு பிள்ளையின் கட்டணத்தைக் கட்டலாம். பழைய சட்டையை நாம் தைத்து உடுத்திக்கொண்டு, மிஞ்சிய பணத்தில் ஓர் அனாதைப் பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுக்கலாம். பழையதை நமக்கும் புதியதைப் பிறருக்கும் என்று மாற்றி வைக்கும் நாளில், நம் சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

வல்ல அல்லாஹ் தந்த நிஃமத்துகளை வீணாக்காமல் பேணி, அவற்றுக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.