திங்கட்கிழமை வயிற்றுவலி

"இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பையனுக்குத் திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகளைக் கடித்து வைக்கிறானாம். அடித்தும் பார்த்தாச்சு" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

அடித்தது போதும், சகோதரி! வலி பொய்யில்லை. பயம் வந்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறதே! டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உடம்பில் கோளாறு இல்லையென்றால், வலி என்றதும் வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளாதீர்கள். லீவு போடப் போடப் பயம் வளரும்.

"ஏண்டா கடிச்சே?" என்றால் பதில் வராது, அவனுக்கே தெரியாது. 'எப்போது கடிக்கிறான்?' என்று டீச்சரிடம் கேளுங்கள். மணியடித்து எல்லோரும் முண்டியடிக்கும்போதா? எழுந்து வாசிக்கச் சொன்ன பிறகா? கூட்டம்தான் காரணமென்றால், கொஞ்சம் முன்னதாகவே கொண்டுபோய் விடலாம். வாசிப்புதான் என்றால் கண்ணையும் காதையும் சோதியுங்கள். எழுத்துக் கூட்டுவதிலேயே சிரமம் இருக்கலாம். யாராவது மிரட்டுகிறார்களா என்பதை ராத்திரி தலையைக் கோதிக்கொண்டே கேளுங்கள். அப்போதுதான் பிள்ளைகள் வாய் திறக்கும்.

டீச்சரே அடிக்கிறார் என்றால் சும்மா இருக்க வேண்டாம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுதியே கொடுங்கள்.

சில வாரங்களில் மாறாவிட்டால் குழந்தை மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 'அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ' என்று தயக்கமா? முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.