நியூஸ் கார்டுக்கு முகவரி வேண்டும்

கைப்பேசியில் செய்தி பார்க்கும் தமிழ் வாசகர்களுக்கு மிகவும் பழகிப்போன வடிவம் நியூஸ் கார்டு. ஒரு தலைவரின் படம், பக்கத்தில் அவர் சொன்னதாக இரண்டு வரி, மூலையில் தொலைக்காட்சியின் லோகோ. இணைப்பைத் தட்டி முழுச் செய்தி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; விரல் நகரும் வேகத்திலேயே படித்துவிடலாம். இந்த வசதிக்காகத்தான் செய்தித் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் வார இதழ்களும் கார்டுக்கு வந்தன. செய்தி வேகமாகப் பரவத் தொடங்கியது, ஆனால் யார், எப்போது, எதை வைத்துச் சொன்னார்கள் என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துபோகிறது.

கார்டு என்பது வெறும் படம். அதைப் பேஸ்புக்கிலிருந்து இறக்கி வாட்ஸ்அப்பில் ஏற்றியதும் வெளியிட்ட பக்கம், நேரம், கீழே வந்த மறுப்புகள் எல்லாம் கழன்றுவிடுகின்றன. லோகோவும் வண்ணங்களும் ஊரறிந்தவை என்பதால், அதே மாதிரி ஒன்றைக் கைப்பேசிச் செயலியிலேயே செய்துவிட முடியும். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் 2024 மக்களவைத் தேர்தலிலும் தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலிக் கார்டுகள் சுற்றின. யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இவற்றை ஆராயும் விதத்தைக் கவனித்தால் சிக்கலின் ஆழம் தெரியும். எழுத்துரு மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த நாளின் பதிவுகளைத் துழாவுகிறார்கள். அப்படியும் உறுதியாகாவிட்டால் தொலைக்காட்சியின் டிஜிட்டல் பிரிவுக்குப் போன் செய்து, இது உங்களுடையதுதானா என்று கேட்கிறார்கள். பயிற்சி உள்ளவர்களுக்கே இவ்வளவு வேலை என்றால், வேலை இடைவேளையில் கைப்பேசியைத் திறக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளி என்ன செய்ய முடியும்? பகிரும் முன் சரிபாருங்கள் என்று அவருக்கு எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதை யாரும் சொல்வதில்லை.

அச்சுக்கு அந்த இடம் இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரையும் அச்சான ஊரையும் தாளிலேயே போட வைத்தது. பத்திரிகைகளுக்கு ஆசிரியர் பெயரும் பின்னாளில் கட்டாயமானது. காலனி அரசு அச்சகங்களைக் கண்காணிக்கவே அதைக் கொண்டுவந்தது என்பது உண்மை. ஆனாலும் பொடி எழுத்தில் கிடந்த அந்த ஒற்றை வரி வாசகருக்கும் பிடிமானமானது. அதை வைத்து மறுப்புக் கடிதம் அனுப்பலாம், வழக்கும் தொடுக்கலாம். தனித்து அலையும் கார்டில் அப்படி எந்த வரியும் கிடையாது.

ஆகவே செய்தி நிறுவனங்கள் தாங்கள் வெளியிடும் ஒவ்வொரு கார்டிலும் தேதி, நேரத்துடன் ஓர் எண்ணை அச்சிட வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினால், அல்லது அதன் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால், அசல் கார்டும் முழுச் செய்தியும் வர வேண்டும். தேதி மட்டும் போட்டால் போதாது, போலி செய்பவரும் தேதி போடுவார். அவர் எண்ணும் போடக்கூடும்தான். ஆனால் கற்பனை எண்ணுக்குப் பதில் வராது; வேறொரு கார்டின் எண்ணைத் திருடினால் அந்த வேறு கார்டுதான் வந்து நிற்கும். கியூஆர் கோடு இதற்கு அவ்வளவு பொருந்தாது. டீக்கடையில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற பலருக்கும், தன் திரையில் இருக்கும் கோடைத் தன் கைப்பேசியாலேயே படிப்பது பழக்கமில்லை.

போலிகளோடு விஷயம் முடிந்துவிடாது. அசல் கார்டுகள் செய்யும் கேடும் பெரிது. ஒருவர் ஒரு மணி நேரம் பேசியதில், பிறர் சொல்வதாக எடுத்துக்காட்டி மறுத்த வரி, அவருடைய சொந்தக் கருத்தாகக் கார்டில் ஏறிவிடுகிறது. கண்டனம் எழுந்ததும் பதிவு ஓசையின்றி நீக்கப்படுகிறது. அதற்குள் இறக்கப்பட்ட படமோ ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. நாளிதழ் பிழை செய்தால் திருத்தம் வெளியிடும் மரபு உண்டு. கார்டுக்கும் அது வேண்டும். நீக்கப்பட்ட கார்டின் எண்ணைத் தட்டுகிறவருக்கு, அது ஏன் நீக்கப்பட்டது, சரியான செய்தி எது என்ற விளக்கம் கிடைக்க வேண்டும். தம் பிழைகளின் பட்டியல் போட்டியாளர் கண்ணில் படும் என்று நிறுவனங்கள் தயங்கலாம். சொல்லாத சொல்லுக்காக வசை வாங்குகிறவரின் இழப்போடு ஒப்பிட்டால் அந்தத் தயக்கம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

எது பொய் என்று அரசே தீர்மானிக்கட்டும் என்போரும் உண்டு. தன்னைப் பற்றிய தகவல்களில் எது பொய் என்று அறிவிக்கும் பிரிவை அமைக்க ஒன்றிய அரசு 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. சரியான தீர்ப்பு. வதந்தியை மறுக்கும் கடமை அரசுக்கு இருக்கிறது. 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கிக் கொல்லப்படுவதாகத் தொடர்பற்ற வீடியோக்கள் பரவியபோது காவல்துறை உடனே மறுத்தது, பிகார் அரசின் குழுவும் நேரில் வந்து பார்த்தது. அந்தக் கடமையைத் தாண்டி, தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே நீதிபதியாகும் அதிகாரம் எந்த அரசுக்கும் கூடாது.

வாட்ஸ்அப்பின் கட்டுப்பாடுகளும் ஓரளவுக்குத்தான் உதவும். குழந்தை கடத்தல் வதந்திகளால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட 2018இல், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி அந்நிறுவனம் வரம்பு வைத்தது. 2020இல் பலமுறை கைமாறியவற்றை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றது. படத்தை இறக்கி மீண்டும் ஏற்றினால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டப் பிரசாரத்துக்குச் சட்டம் தடை விதிக்கிறது. அப்போது பரவும் போலிக் கார்டுக்கு வேட்பாளர் மேடையேறிப் பதில் சொல்ல வழியில்லை. எனவே பெரிய செய்தித் தொலைக்காட்சிகள் கூடிப் பேசி, அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்குள் இந்த எண் முறையைத் தொடங்க வேண்டும்.