ஆயுசு அவ்வளவுதான் என்கிற பொய்

வீட்டில் வளர்த்த லவ் பேர்ட்ஸ் செத்துப்போனால் அழுகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "அதுக ஆயுசு அவ்வளவுதான். வேற ஜோடி வாங்கித் தரேன்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கூண்டுக்குப் புது ஜோடி வரும். சில மாதங்களில் அதுவும் போகும். இந்தச் சமாதானம் பொய். ஒவ்வொரு சாவுக்கும் நம்மை விடுதலை செய்துவிடுவதால்தான் இந்தப் பொய் இத்தனை வீடுகளில் வாழ்கிறது.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பவை பெரும்பாலும் பட்ஜி என்னும் சிறு கிளிகள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் தண்ணீரும் புல்விதையும் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறப்பவை. 1840-ல் பறவையியலாளர் ஜான் கூல்டு இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்துதான் கூண்டுப் பறவையாக உலகெங்கும் பரவின. நன்றாகக் கவனித்தால் ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும். பத்து ஆண்டுகளைத் தாண்டுபவையும் உண்டு. அந்தப் பறவை நம் வீட்டில் ஆறு மாதத்தில் சாகிறதென்றால் குறையை அதன் ஆயுளில் தேடக் கூடாது.

முதல் குறை தீனியில் இருக்கிறது. "தினை போட்டால் போதும்" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறோம். வெறும் சோற்றை மட்டும் ஊட்டிக் குழந்தையை வளர்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. காய்ந்த விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. கால்சியமும் அயோடினும் போதாது. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூச்சுப்பாதையின் உட்படலம் கெட்டுக் கிருமிகள் எளிதில் புகும். அயோடின் குறைந்தால் தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையைத் தாராளமாகப் போட்டால் கல்லீரல் கெடும்.

இன்னொரு கொடுமை கண்ணெதிரிலேயே நடக்கிறது. பட்ஜி தினையின் உமியை உரித்துவிட்டு உள்ளிருப்பதைத்தான் தின்னும். உமி கிண்ணத்திலேயே தங்கும். பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். பறவையோ பட்டினி கிடக்கும். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உடம்பு எத்தனை நாள் பட்டினி தாங்கும்? தினமும் உமியை ஊதிவிட்டுப் புதுத் தினை போட ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது கூண்டு. அழகுக்காக வாங்கும் சிறிய வட்டக் கூண்டில் பறவையால் சிறகு விரித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக முடியாது. கிடைமட்டமாகப் பறக்கிற பறவைக்கு உயரத்தைவிட நீளம்தான் தேவை. ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும். பருமன் மாறி மாறி இருக்கும் கொய்யா, வேம்புக் கிளைகளை வைத்தால் அது நேராது.

கூண்டை எங்கே வைக்கிறோம் என்பதும் உயிர்ப் பிரச்சினை. பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக உள்வாங்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவைக் கண்டறிய 1980-கள் வரை கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனது இதனால்தான். நாமோ கொசுவத்தி, சாம்பிராணிப் புகைக்கு நடுவே கூண்டை வைக்கிறோம். அளவு மீறிச் சூடேறிய நான்-ஸ்டிக் தவாவின் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

ஆண்டு முழுக்கக் கூண்டில் தொங்கும் மண்பானையும் கொல்கிறது. பானை இருக்கும்வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். கால்சியம் தீர்ந்து, முட்டை வெளிவராமல் அடைத்துச் சாகும். குஞ்சு பொரிப்பதைப் பார்க்கும் ஆசையில் தாயை இழக்கிறோம்.

"நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று கேட்பார்கள். வேட்டையாடப்படும் உயிரினங்கள் நோயை மறைத்தே வாழ்கின்றன. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காரும்போது நோய் முற்றியிருக்கும். திடீர்ச் சாவு என்று நாம் சொல்வது பல வாரங்களாக நடந்து வந்ததாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் வசதி வேண்டும் என்பதும் ஏற்கத்தக்க வாதம் இல்லை. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பாசிப்பயறு, ஒரு கணவாய் ஓடு, தினமும் மாற்றும் சுத்தமான தண்ணீர், இரவில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத இருட்டும் அமைதியும்: இவற்றில் எது நமக்கு எட்டாதது? எட்டாதவர்கள் வாங்காமல் இருக்கலாம். அதுவும் அந்தப் பறவைக்குச் செய்யும் நன்மையே.

அடுத்த முறை ஒரு பறவை செத்தால், பிள்ளையிடம் ஆயுசைக் காரணம் சொல்லாதீர்கள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதைச் சரிசெய்யும்வரை இன்னொரு ஜோடியை வாங்காதீர்கள்.